சென்னைத் தண்ணியில் அரிசிம்பருப்பு

கொங்குப் பக்கம் யார் வீட்டிலாவது "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் பாதிப் பேர் "அரிசிம்பருப்புங்க" என்பார்கள். மீதிப் பேர் அதை நேற்று ராத்திரி சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, கொஞ்சம் சீரகம், மிளகு. எல்லாம் ஒரே பாத்திரத்தில். காட்டு வேலை முடித்துப் பொழுது சாய வீடு வருகிறவர்களுக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்கும் குழம்பு தனி, பொரியல் தனி என்று அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் இதைப் போட மாட்டார்கள், மரியாதைக் குறைவு. அந்த ஒரம்பரையே ரெண்டு நாள் தங்கிவிட்டால், "எதுக்குங்க சிரமப்பட்டுக்கிட்டு, ராத்திரிக்கு அரிசிம்பருப்பே வெச்சுருங்க" என்று அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

எனக்கு ஊர் தாராபுரம் பக்கம். பிழைப்பு சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்குமாடியில். வீட்டில் இந்தச் சாப்பாடு மட்டும் என் இலாகா. சென்னையில் இதைச் செய்யப் போனால் முதலில் மல்லுக்கு நிற்பது தண்ணீர்தான். எங்கள் குடியிருப்புக்கு வருவது லாரித் தண்ணியும் போர் தண்ணியும். அதில் துவரம்பருப்பைப் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடுக்கு மிச்சம் இருக்கும். விரலில் நசுக்கினால் மசியாது, ரெண்டாக உடையும்.

காரணம் எளிது. கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு இவை போய்ச் சேர்ந்துகொண்டால் அது கரையாமல் இறுகிவிடும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. ஊரில் பெரியவர்களுக்கு இது சோதனைச்சாலை இல்லாமலே தெரியும். "அந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது" என்றால் அந்தக் கிணற்றுக்கு அதற்கு மேல் சான்றிதழ் தேவையில்லை. குளிக்க, மாட்டுக்குக் காட்ட எந்தத் தண்ணியும் ஆகும். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு குடம் எடுத்து மூடி வைத்திருப்பார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணியைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுவது நமக்கு எரிச்சலாக இருந்தாலும், அவர்கள் வீட்டுப் பருப்பு வேகும் அழகைப் பார்த்தால் பேசிவிட்டுப் போகட்டும் என்று தோன்றும்.

சென்னையில் இதற்கு வழி கேன் தண்ணிதான். அதில் உப்புகளை வடித்துவிடுவதால் பருப்பு பூப்போல வேகும். ஊற வைப்பதும் அதில், வேக வைப்பதும் அதில். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டால் வேகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழவழவென்று ஒரு சோப்பு வாடை வரும், பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினும் கெட்டுப்போகும். இருபது லிட்டர் கேனில் ஒரு லிட்டரைச் சோற்றுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது பருப்பு. கடையில் மஞ்சளாகப் பளபளவென்று கிடப்பதெல்லாம் மில்லில் எண்ணெய் தடவித் தோல் நீக்கியது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சீக்கிரம் வேகும். ஆனால் அரிசிம்பருப்புக்கு நான் தேடுவது மண் கட்டின பருப்பு. காங்கயம் பக்கம் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் நிலக்கடலைக் காட்டில் அக்கடியாக, அதாவது ஊடுபயிராக, துவரை போட்டிருப்பார்கள். ஆடியில் விதைத்தால் தைக்கு வீடு வந்துவிடும். அந்தத் துவரையை ராத்திரி ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்து, சலித்த செம்மண்ணைக் குழைத்து அதில் போட்டுப் பிரட்டுவார்கள். ஒவ்வொரு துவரையும் செவ்வுருண்டையாகிவிடும். குவித்து ஒரு ராத்திரி மூடி வைத்து, அப்புறம் வாசலில் பரப்பி நாலைந்து வெயில். ஈரத்தில் உப்பின பருப்பு காயக் காயச் சுருங்கும், தோல் தனியாக விட்டுவரும். மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் போட்டுச் சுற்றினால் படக் படக்கென்று ரெண்டாகப் பிளந்து விழும். முறத்தில் புடைக்கிறபோது மேலே வருகிற தோல் பொட்டு நேராக மாட்டுத் தாழிக்குப் போகும். உடைந்த குருணை ஒரு டப்பாவில், பருப்பு பானையில். அம்மாயி புடைக்கும்போது பக்கத்தில் நின்றால் கண்ணில் தூசி விழும். "அக்கட்டால போ சாமி" என்பார், முறம் மட்டும் நிற்காது.

அந்தப் பருப்பில் பூச்சி எளிதில் விழாது. வேகச் சித்த நேரம் கூடப் பிடிக்கும், வெந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கும். அரிசிம்பருப்புக்கு அதுதான் வேண்டும். சாம்பாருக்கு மசிகிற மாதிரி மசிந்துவிட்டால் சோறெல்லாம் ஒரே மஞ்சள் கூழ். வாயில் அரிசி தனி, பருப்பு தனி என்று தெரியவேண்டும், ரெண்டும் மெத்தென்று இருக்கவும் வேண்டும். ரேஷனில் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கனடாவின் மஞ்சள் பருப்பு போட்ட காலத்தில் அதிலும் செய்து பார்த்திருக்கிறேன். அது நம் துவரையே இல்லை, மைசூர்ப் பருப்பின் இனம். ரெண்டு விசிலுக்குள் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். ஆனாலும் ரேஷன் பருப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2015-ல் வெளியே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, ரேஷனில் கிடைத்த அந்த 30 ரூபாய்ப் பருப்பு எத்தனை வீட்டில் உலையைக் காப்பாற்றியது என்று பார்த்தவன்.

இனி செய்முறை. புழுங்கலரிசி பொன்னி ஒரு டம்ளர், துவரம்பருப்பு மூன்றில் ஒரு பங்கு. கால் பங்கு போடுகிறவர்களும் உண்டு, அவர்கள் வீட்டில் அது பருப்பு வாசனை காட்டிய சோறு. பருப்பை அரை மணி நேரம் முன்னாடியே ஊறப்போடுவேன், அரிசியைக் கால் மணி நேரம். பழைய அரிசியாக இருந்தால் மொத்தத்துக்கு நாலு டம்ளர் தண்ணீர், புது அரிசி என்றால் அரை டம்ளர் குறைத்துக்கொள்ளலாம்.

சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி நிறைய. இதில் கஞ்சத்தனம் ஆகாது, பெரிய வெங்காயம் போட்டால் அது வேறு சாப்பாடு. உரித்து ரெண்டாக வெட்டினால் போதும், சின்னது என்றால் முழுசாகவே போடலாம். சீரகம் ஒரு ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன், வரமிளகாய் மூன்று, பூண்டு ஏழெட்டுப் பல். முதலில் மற்றதையெல்லாம் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டி, கடைசியில் பூண்டைத் தோலோடு போட்டு ஒரு நசுக்கு. மிக்ஸியில் அரைத்துவிட்டால் மாவாகிவிடும். மிளகு பல்லில் படுவதும் மல்லியின் உமி நாக்கில் உரசுவதும் இதில் ஒரு பங்கு. அவசரத்துக்குச் சாம்பார்ப் பொடி போடுகிற வீடுகளும் எங்கள் பக்கத்தில் நிறைய. சண்டை போடமாட்டேன். என் வீட்டில் போடமாட்டேன்.

குக்கரில் கடலெண்ணெய். கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, பிறகு வெங்காயம். வெங்காயம் கண்ணாடியாகி ஓரம் லேசாகச் சிவந்ததும் தட்டினதைப் போட்டு ஒரு பிரட்டு. அந்த வாசனை பக்கத்து வீடு வரைக்கும் போனால் சரியான பக்குவம். தக்காளி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. புளிப்பும் பருப்பை வேகவிடாமல் பிடிக்கும் சமாச்சாரம்தான், அதனால் கேன் தண்ணியில் ஊறாத பருப்போடு ரெண்டு தக்காளி போட்டால் சென்னையில் கதை முடிந்தது. மஞ்சள்தூள் ஈரோட்டு மஞ்சளாக இருந்தால் நல்லது, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. தண்ணீர் கொதித்ததும் அரிசியும் பருப்பும். ஒரு பிடி தேங்காய்த் துருவலையும் தூவி மூடி, மிதமான தீயில் மூன்று விசில். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. வெயிட்டைக் கரண்டியால் தூக்கி விடுகிற ஆள் நீங்கள் என்றால் மேலே தண்ணியும் கீழே பாறையும்தான் கிடைக்கும். திறந்ததும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டு அடியிலிருந்து மெதுவாகப் புரட்டவேண்டும்.

இவ்வளவுதான். கேரட், பீன்ஸ், பட்டாணி, பட்டை, கிராம்பு எதுவும் கிடையாது. சமையல் வீடியோக்களில் இதற்கு முந்திரி வறுத்துப் போடுகிறார்கள், புதினா போடுகிறார்கள். அவர்களுக்குப் பிரியாணி செய்ய ஆசை, செய்துகொள்ளட்டும். புளியும் கிடையாது. பிசிபேளாபாத்துக்கும் இதற்கும் இடையில் நிற்கிற வேலியே அந்தப் புளிதான்.

என் மனைவிக்குத் திருநெல்வேலி. கல்யாணம் ஆன புதிதில் நான் இதை ஆக்கிப் போட்டபோது குக்கருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, கூட்டாஞ்சோறு ஆக்க ஆரம்பிச்சுட்டுப் பாதியில வேலைக்குப் போயிட்டீங்களா?" அவர்கள் ஊர்க் கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய், புளித்தண்ணி, அரைத்த தேங்காய் என்று ஒரு சந்தையே இறங்கியிருக்கும். அது பிரமாதமான சாப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காய் நறுக்கவே ஒரு மணி நேரம். அலுவலகத்திலிருந்து எட்டரை மணிக்கு வந்து ஒன்பதேகாலுக்குத் தட்டில் விழுகிற சாப்பாட்டோடு அதை ஒப்பிடக்கூடாது. இப்போது அவளுக்கும் உடம்பு அசதியாக இருந்தால் "இன்னைக்கு நீங்க உங்க ஊர்ச் சோத்தைப் பொங்கிருங்க" என்கிறாள். உங்க ஊர்ச் சோறு என்பதில் இன்னும் லேசான இளக்காரம் உண்டு. ரெண்டாம் தடவை போட்டுக்கொள்ளும்போது அது இருப்பதில்லை.

தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர் போதும். சுடச்சுடத் தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து நெய் விட்டால் இன்னும் நல்லது. ஊத்துக்குளி வெண்ணெயை ஊரிலிருந்து கொண்டுவந்து, முருங்கை இலை போட்டு உருக்கி வைத்திருப்பேன். அப்பளம், மோர்மிளகாய், எலுமிச்சை ஊறுகாய் இவற்றில் ஏதாவது ஒன்று. பச்சைப்புளி ரசத்தையும் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வேகாத புளியைக் கரைத்து, வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப் போட்டது. சோற்றில் இல்லாத புளிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற புத்திசாலித்தனம் அது.

மிஞ்சினால் காலையில் கட்டி தட்டியிருக்கும். அதைச் சூடு பண்ணக்கூடாது. தயிரை ஊற்றிப் பிசைந்து, ஒரு பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் ராத்திரி சாப்பிட்டதைவிட ஒரு படி மேல். எங்கள் வீட்டில் மிஞ்சுவதற்காகவே அரை டம்ளர் கூடுதலாகப் போடுகிறேன். மகளுக்கு மட்டும் உருளைக்கிழங்கு சிப்ஸ் இல்லாமல் இறங்காது. அதற்கும் ஒரு பாக்கெட் வாங்கி மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.