வெள்ளியா, பித்தளையா?

கண்டனூர் வீட்டுப் பெட்டகத்தை ஒழித்தபோது ஒரு மஞ்சள் டப்பா கிடைத்தது. உள்ளே சூப்பர் 8 என்ற வீட்டு சினிமா ஃபிலிம். கோடாக்ரோம் 40. படம் எடுத்தது, ஆனால் கழுவாதது. 1975-ல் என் ஆத்தா (அம்மா), அப்பச்சி (அப்பா) கல்யாணத்துக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த அம்மான் எடுத்தது. எடுத்தவர் லேபுக்குத் தபாலில் போட மறந்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஒருத்தரும் "கல்யாணத்தைப் பார்க்கலாமே" என்று சொல்லவில்லை. "சாமான் பரப்பினதை எடுத்திருக்கானா?" என்றார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமானை வரிசையாகப் பரப்பி வைப்பது வழக்கம். அப்படிப் பரப்பியதில் ஒரு குடம். ஆத்தா அதை வெள்ளி என்பார். அயித்தை பித்தளை என்பார். குடத்தையே எடுத்துப் பார்க்க வழியில்லை. பித்தளை விலைக்கு எடையில் போட்டாகிவிட்டது. போட்டவர் அயித்தை.

"கலர் ஃபிலிம்தானே அப்பு? மஞ்சளா வெள்ளையான்னு தெரிஞ்சிரும்ல?"

இங்கேதான் சிக்கல். மற்ற கலர் ஃபிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் மருந்து ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை அடுக்குகள்தான்; கழுவும்போது லேபில்தான் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். கே-14 என்ற அந்தக் கழுவு முறைக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த கடைசி லேப் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஓடு அவர்களும் ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இனி நாம் கழுவினால் கறுப்பு வெள்ளைதான். பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீ கழுவுப்பா, கலர் கொஞ்சமாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார் ஆத்தா.

படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பருக்குக் காப்பித் தூள் போதும். இன்ஸ்டன்ட் காப்பி, வாஷிங் சோடா, வைட்டமின் சி. 1995-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் கண்டுபிடித்த காப்பி வித்தை இது; வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. வேலை செய்வது காஃபீன் இல்லை, காப்பியில் உள்ள காஃபெயிக் அமிலம். சிக்கரி கலக்காத தூளாக வாங்கி வந்து வாளியில் கொட்டியதைப் பார்த்து அப்பச்சி முகம் வாடிப்போனது. சோடா சேர்ந்ததும் கிளம்பிய நாற்றத்தில் மற்றவர்கள் முகமும் வாடியது.

இருட்டறைக்குப் பஞ்சமே இல்லை. பெட்டக அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரோ கோட்டைச் சுவர். பாத்திரத்துக்குப் பரணிலிருந்து மங்கு வாளிகள் இறங்கின. வெயிலில்தான் வம்பு. மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதத்து மேல்தொட்டித் தண்ணீரில் சோறே வடிக்கலாம். மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளியைச் சுற்றி அடுக்கினேன். மீன் வாங்காமல் ஐஸ் மட்டும் கேட்டவனைக் கடைக்காரர் ஒரு தினுசாகப் பார்த்தார்.

இருட்டில் குறடால் பிளாஸ்டிக் கூட்டை உடைத்து, 15 மீட்டர் ஃபிலிமை உருவி வாளிக்குள் விட்டேன். இடியாப்பம் போலச் சுருண்டு கிடந்ததைக் கையால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியே அயித்தை நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் தட்டினார். "உள்ள என்ன தெரியுது?" இருட்டு தெரிகிறது அயித்தை.

படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில் போட்டெடுத்த பிறகு ஃபிலிமின் முதுகில் இருக்கும் கரிப்பூச்சைச் சோடாத் தண்ணீர் தொட்டுப் பஞ்சால் துடைக்க வேண்டும். அது வேட்டியில் ஒட்டியது, தூணில் ஒட்டியது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் என் பாதம் பாதமாக முகப்புவரை போனது. இந்தத் தரையை முட்டையின் வெள்ளைக்கரு பூசிய சுவரோடு சேர்த்து ஃபோட்டோ பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்கள் அன்றைக்கு வராதது புண்ணியம்.

வளவு முற்றத்தில் தூணுக்குத் தூண் கட்டிக் காயவைத்து, பிறகு செல்போனில் படம் படமாக எடுத்து நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்பினேன். ஐம்பது வருஷப் பழசு, புகை மூட்டம். மாப்பிள்ளை முகம் தெரியவில்லை. பெண் முகமும் இல்லை. அம்மானின் கட்டைவிரல் நன்றாக விழுந்திருந்தது. கடைசியில் சாமான் வரிசை. நடுவில் குடம், பளிச்சென்று.

சாம்பல் நிறத்தில்.

"பாத்தியா, வெள்ளி!" என்றார் ஆத்தா.

"பக்கத்துல இருக்கிற வாழைப்பழமும் அதே நெறந்தான். அதுவும் வெள்ளியா?" என்றார் அயித்தை.

சமாதானம் செய்யப்போன என் மகன் வாயைத் திறந்தான். "அப்பத்தா, கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல படமே வெள்ளித் துகளாலதான் உண்டாகும். குடம், பழம் எல்லாமே வெள்ளிதான்."

மறுநாள் விடிவதற்குள் ஈப்போ வரைக்கும் ஃபோன் போய்விட்டது. ஃபிலிமைச் சோதித்துப் பார்த்ததில் குடம் வெள்ளிதான் என்று பேரனே சொல்லிவிட்டானாம்.