கதையைக் கேட்பதற்கு முன்

கவுன்சலிங் என்றால் மனசில் இருப்பதை முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்றுதான் பினாங்கில் என்னிடம் வருகிற பலரும் நினைக்கிறார்கள். கூட்டி வருகிற உறவினர்களும் "எல்லாத்தையும் சொல்லிரு, பாரம் குறையும்" என்று சொல்லி உள்ளே அனுப்புவார்கள். ஆனால் கோரச் சம்பவம் நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து விவரம் முழுவதையும் கறப்பதை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கூடவே மோட்டார் சைக்கிளில் வந்த நண்பர் லோரியில் அடிபட்டு இவர் கண்ணெதிரே இறந்துபோனார். அதிலிருந்து தூக்கமில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். வீட்டில் 'பயந்த கோளாறு' என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றைக் கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அது தெம்பு.

என் அறைக்குக் கீழே சாலை. லோரி பிரேக் போட்டால் 'புஸ்'ஸென்று காற்று இறங்கும். அவர் பேச்சு பாதியில் நிற்கும். நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிடும். "ஆம்பள இப்படிப் பயப்படலாமா மிஸ்?" என்பார். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, நாம் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது, அன்றைய லோரிக்கும் இன்றைய லோரிக்கும் வித்தியாசம் பார்க்காது என்று விளக்கினேன். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?" என்றார். அதற்காகவே பயந்து வராமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பாதிப்பு 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. (கோரச் சம்பவத்துக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரோடு ஏறிவிட்டது.

ஆரம்பச் சந்திப்புகளில் விபத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. 'இங்கே ஆபத்தில்லை' என்று முதலில் உடம்புக்குப் புரியட்டும் என்று நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பிப் போட்டேன். பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை நீட்டி விடப் பழகினோம். கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொன்னால் மின்விசிறி, நாட்காட்டி, என் காப்பிக் கோப்பை என்று அடுக்குவார். "எப்ப மிஸ் ட்ரீட்மெண்ட் ஆரம்பிப்பீங்க?" என்று அவர் மனைவி பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

மருந்து எழுத எனக்கு அதிகாரமில்லை. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்து தொழில் செய்யும் கவுன்சலர் நான், டாக்டர் இல்லை. தூக்கத்துக்கு அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன்.

பிறகு ஒருநாள் அவராகவே, நண்பர் கடைசியாக வாங்கிக் கொடுத்த தே தாரிக்கில் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆரம்பித்தார். விபத்தை நெருங்கும்போது "நிறுத்திக்கலாமா?" என்றார். நிறுத்தினோம். என்னைக் கேட்டால் சிகிச்சையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது: அன்று சாலையில் எதையும் நிறுத்த முடியாமல் நின்றவர் அவர்; இங்கே அவர் நிறுத்தச் சொன்னால் நிற்கிறது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தூரம் போனார்.

இப்போது மறுபடியும் மோட்டார் ஓட்டுகிறார். லோரியைக் கண்டால் ஓரங்கட்டி, அது போனபிறகுதான் கிளம்புகிறாராம். அதை நான் நோயில் சேர்க்கவில்லை. பிறை சாலையில் நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.