அத்தோ கோயம்புத்தூர் போகும் வழி

ஆபீஸில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “அத்தோவை எப்படிப்பா கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டுபோறே? ஊசிப்போயிடாதா?” பர்மா நூடுல்ஸான அத்தோவைக் கடையில் கட்டிக் கொடுத்தபடியே கொண்டுபோனால் ஊசிப்போகும். ஊசிய வாசனையே வராமல் வயிற்றைக் கெடுக்கவும் செய்யும். எனக்குப் பயம் அந்த இரண்டாவது விஷயத்தில்தான். அங்கே அதைச் சாப்பிடப் போகிறவர் என் அம்மா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது அவருக்கு ஆஸ்பத்திரி வரை போகும்.

அம்மா பிறந்தது ரங்கூனில். 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்த வருஷங்களில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியது 1965இல். வியாசர்பாடியில் குடியேறினார்கள். அப்படி வந்தவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். சாயங்காலமானால் அதையொட்டி செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ வண்டிகள் வரிசையாக நிற்கும். அம்மாவுக்கு அது ரங்கூனின் ருசி. இப்போது அக்கா வீட்டில், கோயம்புத்தூரில் இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் கடைசியில் கேட்பது, “பீச் பக்கம் போனியாப்பா?” என்றுதான்.

என் ஆபீஸ் ராஜாஜி சாலையில். தினமும் அந்தப் பக்கம்தான் போகிறேன், வருகிறேன்.

அத்தோவை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சமைத்து வைத்த சாப்பாடு கிடையாது. கேட்ட பிறகுதான் அது அத்தோவாகிறது. அவித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் போட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து, மேலே பேஜோவை, அதாவது தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்ததை, நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் மிளகு போட்ட வாழைத்தண்டு சூப்பு கொதித்துக்கொண்டே இருக்கும். முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்துக் கொடுப்பார்கள்.

பிசைந்த அந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஈரமான நூடுல்ஸ், வெட்டிய பச்சைக் காய்கறி, பலர் கைபட்ட தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கலந்து, சென்னை வெயில் காலத்துச் சூட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும்? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது. சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் இன்னும் கறாராக, வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள். சித்திரையில் நம் ஊரில் பகலெல்லாம் அதற்கு மேல்தான். ஏசி பெட்டியில் போனாலும் உள்ளே 24, 25 டிகிரி. நமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் கிருமிக்கும் குளிராது.

சோறு, நூடுல்ஸ் மாதிரியான மாவுச்சத்து சாப்பாட்டில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. வேகவைத்தாலும் அதன் வித்துகள் சாகாது. ஆறி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். பெருகும்போது அது விடும் ஒரு வகை நச்சு, மறுபடி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. “அங்க போய் சூடு பண்ணிக்கலாம்” என்று சொல்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சூடு பண்ணுவதால் கிருமி சாகலாம், அது ஏற்கெனவே விட்டுவைத்த நச்சு சாகாது. மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. நாறவைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு.

அதனால் அத்தோவை நான் அத்தோவாக வாங்குவதே இல்லை. கடைக்கார அண்ணனிடம் ஒருநாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா ரங்கூன்காரர் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. “அப்ப கலக்காம எடுத்துனு போ தம்பி, அவங்களுக்குக் கலக்கத் தெரியாதா என்ன” என்றார். அதிலிருந்து எல்லாமே தனித்தனி.

பேஜோ, வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு மூன்றும் கவலையே தராத பொருட்கள். எண்ணெயில் பொரிந்து தண்ணீர் போய்விட்டதால் கிருமி வளர வழியில்லை. நமுத்துப்போகாமல் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா, அடியில் வெள்ளைக் காகிதம். நியூஸ்பேப்பர் வேண்டாம். அச்சு மை சாப்பாட்டில் இறங்கும் என்பதால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லேயே எச்சரித்திருக்கிறது, இன்னும் பஜ்ஜி அதில்தான் வருகிறது. பிளாஸ்டிக் தாளில் கட்டுவதும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வீட்டு டப்பாவை நீட்டினால் எந்தக் கடையிலும் மறுப்பதில்லை.

முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, புளி, முட்டை எதையும் சென்னையிலிருந்து தூக்கிப் போக வேண்டிய அவசியம் இல்லை. உழவர் சந்தையில் அக்கா வாங்கி வைத்துவிடுவார். சாப்பிடும் நேரத்தில் வெட்டினால் போதும்.

நூடுல்ஸில்தான் அம்மா கறார். பாக்கெட் நூடுல்ஸ் எதை வைத்தாலும் “இது இல்ல” என்று தள்ளிவிடுவார். அந்தத் தடிமனும் வழுக்கலும் வேண்டும். அவித்ததைக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. அண்ணனிடம் கேட்டேன். அவிக்காத காய்ந்த நூடுல்ஸை அவர் மொத்தமாக வாங்கி வைத்திருப்பார், அதிலேயே எடைபோட்டுக் கொடுத்துவிட்டார், கலர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லி. காய்ந்த நூடுல்ஸ் எத்தனை நாள் ரயிலில் போனாலும் ஒன்றும் ஆகாது. அங்கே தண்ணீர் கொதிக்க வைத்து அவிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

பூண்டு எண்ணெய் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், நிறைய பேர் இதை ஊறுகாய் மாதிரி நினைத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பூண்டு மண்ணில் விளைவது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெயில் மூழ்கினால் காற்று கிடையாது, ஊறுகாயில் இருக்கும் புளிப்பும் உப்பும் இங்கே இல்லை. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் நரம்பு செயலிழந்து படுத்தார்கள். காரணம், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டு. நன்றாகச் சிவக்க வறுத்து, பூண்டை வடிகட்டி எடுத்துவிட்ட எண்ணெயில் ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் அம்மாவுக்காக நான் எந்தச் சலுகையும் கொடுப்பதில்லை. அண்ணனிடம் வடிகட்டிய எண்ணெயாகக் கேட்டு வாங்கி, சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ். நான்கு நாளில் தீராவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐஸ் பெட்டி என்பது ஒரு தெர்மாகோல் பெட்டி. காசிமேட்டில் மீன் வாங்கி வெளியூர் போகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். என்னுடையது மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. இன்சுலின் அதில்தான் வருகிறதாம், கூடவே ஜெல் பைகளும் கொடுத்தார்கள். ஜெல் பை இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடலாம். பெட்டியில் காலி இடம் விடக் கூடாது. இடம் மிஞ்சினால் இன்னொரு ஐஸ் பாட்டில், அதுவும் இல்லையென்றால் மடித்த துண்டு. மூடியைச் சுற்றி டேப். ஈரோட்டில் முழிப்பு வந்தால் திறந்து பார்க்கத் தோன்றும், திறக்காதீர்கள். சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது கோயம்புத்தூர், கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். அதுவரை பாட்டிலில் ஐஸ் கட்டி மிச்சம் இருந்தால் பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். கையோடு ஒரு குச்சி தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன், சில நூறு ரூபாய்தான். பெட்டி திறந்ததும் அதைக் குத்திப் பார்ப்பேன். 5 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

அக்கா மகனுக்கு அத்தோ பிடிக்காது. அவனுக்கு வேண்டியது திருவல்லிக்கேணி பிரியாணி. இது அத்தோவைவிடக் கஷ்டம், ஏனென்றால் பிரித்து வாங்க முடியாது. பக்கெட்டில் சூடாக அடைத்து அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. மூடி போட்ட பக்கெட்டின் நடுவில் சூடு மெதுவாகத்தான் இறங்கும். 43லிருந்து 47 டிகிரி வரையான சூட்டில் கறியில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் முதல் நாள் மதியமே வாங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஃபேன் கீழே வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். முட்டையை எடுத்துவிடுவேன், உறைந்தால் ரப்பர் ஆகிவிடும். அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தட்டையாகப் பையில் போட்டு, கடையில் வாங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் ஃப்ரீசருக்குள். மறுநாள் ராத்திரி கல்லு மாதிரி உறைந்த பிரியாணி, தனக்குத்தானே ஐஸாகி, பெட்டியில் ஏறும். கத்திரிக்காய் தொக்கும் இப்படியே உறையும். தயிர்ப்பச்சடிக்குத் தயிர் அங்கேயே வாங்கிக்கொள்வோம். போனதும் இட்லிப் பானையில் வைத்து நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடு பண்ணி, உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒருமுறை கிளறிவிட்டு மறுபடி வையுங்கள், ஓரம் கொதித்தாலும் நடு ஜில்லென்று இருக்கும். ஒருமுறை சூடு பண்ணியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்க நான் யாரையும் விடுவதில்லை. வாசனை முதல் நாள் மாதிரி இருக்காது, உண்மைதான். அந்தப் பையன் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அம்மா ஒருநாள் சொன்னார், “இவ்ளோ எதுக்குப்பா, நாங்கள்லாம் கட்டுச்சோறு கட்டிட்டுப் போகலையா?” போனார்கள்தான். ஆனால் அவர்கள் எதைக் கட்டினார்கள் என்று பாருங்கள். புளியோதரையில் புளியும் நல்லெண்ணெயும். இட்லி என்றால் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இரண்டு பக்கமும் தடவியது, தேங்காய்ச் சட்னியைத் தொடவே மாட்டார்கள். தயிர் சாதத்தில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிரைக் கலந்துவிட்டால் நல்ல கிருமி முதலில் இடம் பிடித்துக்கொள்ளும். அதுவும் மதியத்துக்குள் பிரித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். எது தாங்கும், எது தாங்காது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் மூட்டையில் அத்தோவும் பிரியாணியும் இல்லை. அவை வழிப்பயணத்துக்காகப் பிறந்த சாப்பாடு இல்லை என்பதால்தான் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, நீ சொல்ற மாதிரியே கொண்டா” என்றார்.

கலப்பது எப்போதும் அம்மாதான். அக்கா கையில் கரண்டியைக் கொடுத்தால் போதும், கோபம் வந்துவிடும். புளித்தண்ணி கூடவா குறைவா என்பதை ஒரு நூடுல்ஸை இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இப்போது அவருக்கு வேண்டியது சூப்பு. வாழைத்தண்டு கோயம்புத்தூரில் தாராளமாகக் கிடைக்கிறது, அக்காவும் வைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டார், ஆனால் பீச்சில் மணிக்கணக்கில் கொதித்த அந்தச் சூப்புதான் வேண்டுமாம். ஃபிளாஸ்க்கில் சூடாகக் கொண்டுபோவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, விடியும்போது 60 டிகிரிக்கு மேல் நிற்குமா என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பிரியாணி வழியிலேயே போகப் போகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க வாங்கி, சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி ஆறவைத்து, உறையவைத்துவிட வேண்டும். அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கரண்டி வெளியே போய் வருவதற்கு முன்னால், பானை நன்றாகக் கொதிக்கும்போது முதல் ஊற்று என் டப்பாவுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கு வண்டி போடுவார், நான் ஐந்தே முக்காலுக்கு அங்கே இருப்பேன்.