கதிர்வீச்சு நடக்கும்போது அந்த கேப்சூல் வேண்டாம்

களியக்காவிளையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு எடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவர்கள் சாயங்காலம் கடையில் ஏறுவார்கள். வாய்ப்புண்ணுக்குக் களிம்பு, வாந்திக்கு மாத்திரை. அதோடு பலர் கேட்பது "தெம்புக்கு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்". ஆக்ஸிஜனேற்றத்தால் செல்லுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் வைட்டமின் இ மாதிரிச் சரக்கு அது. இந்தக் கடைசிச் சரக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வந்த ஒரு அண்ணனுக்கு நாக்கில் கேன்சர். கழுத்தின் ஒரு பக்கம் தோல் கருகி, மார்க்கர் மையில் போட்ட கோடு பாதி அழிந்திருந்தது. பேசவே கஷ்டம். கூட வந்த மனைவி, வைட்டமின் இ 400 என்று அச்சடித்த பச்சை கேப்சூல் அட்டையைக் காட்டினார். "தம்பி, இத ரெண்டு நேரம் தின்னா கரண்டு வச்ச சூடு உடம்புல தங்காதுன்னு சொன்னாவ. இன்னும் நாலு அட்ட குடு."

கரண்டு என்று அவர் சொன்னது கதிர்வீச்சை. அந்தச் "சூடு" அங்கே தங்கத்தான் வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது?

செல்லில் பெரும்பங்கு தண்ணீர். கதிர் பாய்ந்து அந்தத் தண்ணீர் உடையும்போது ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் என்ற, எதையும் தாக்கும் துணுக்கு பிறக்கிறது. கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. ஆனால் பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் இழையை அறுத்துவிடும். எக்ஸ்ரே கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் வருகிறது. ஆக்ஸிஜன் இருந்தால் அந்த அறுப்பு நிலைத்துவிடும். ஆக்ஸிஜன் எட்டாத கட்டியின் உள்பகுதிச் செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு டோஸ் வேண்டியிருக்கும்.

கேன்சர் செல்லோ ஏற்கெனவே கரை தொட்டு நிற்கிற குளம். வேகமாக வளர்வதால் உள்ளே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், அதாவது இந்த மாதிரித் துணுக்குகளின் தொல்லை, எப்போதும் அதிகம். கொஞ்சம் அழுத்தம் என்றால் அது செல்லை வளரத் தூண்டும். அளவு மீறினால் சாவு. சிகிச்சை அந்தக் கடைசி மழையாக இறங்குகிறது. செல்லும் சும்மா இருப்பதில்லை. குளூட்டாதயோன் என்ற தன் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டைக் கூட்டிக்கொள்ளும், என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை ஏவி மராமத்து பார்க்கும். சில நுரையீரல் கேன்சர்களில் என்ஆர்எஃப்2-ஐ அடக்கும் கீப்1 என்ற புரதம் பழுதாகிவிடுகிறது. அப்புறம் கீமோவுக்கும் கதிருக்கும் கட்டி லேசில் மசியாது.

2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று ஒரு வகைச் செல் சாவுக்குப் பெயர் வைத்தார்கள். இரும்பின் துணையோடு செல் சவ்வின் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து செல் சாகும். கதிர்வீச்சும் ஓரளவு இந்த வழியில் கொல்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இதைத் தடுத்து நிறுத்தும் பொருள்களில் ஒன்று வைட்டமின் இ. அந்தப் பச்சை கேப்சூலில் இருப்பதேதான்! நல்ல செல்லையும் அது காக்கும், மறுக்கவில்லை. கேன்சர் செல்லைப் பார்த்து ஒதுங்கிப் போக அதற்குத் தெரியாதே.

கனடாவில் தலை, கழுத்து கேன்சருக்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2005-இல் வந்தன. இரண்டையும் எடுத்தவர்களுக்குப் புண் போன்ற கடுமையான பக்கவிளைவு குறைந்தது. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. பிறகும் தொடர்ந்து கவனித்ததில் வைட்டமின் இ குழுவில் இறப்பும் அதிகம். எனக்கு வயிற்றைப் புரட்டிய தகவல் இது. புண் ஆறுவதைக் கண்டு வீட்டார் சந்தோஷப்பட்டிருப்பார்களே!

மட்டிப்பழம், நெல்லிக்காய், கீரை என்று சாப்பாட்டில் வருவதைப் பற்றி நான் பேசவில்லை. இறங்குமென்றால் நன்றாகச் சாப்பிடட்டும், இந்த நேரத்தில் எடை குறையக் கூடாது. நான் சொல்வது டாக்டருக்குத் தெரியாமல் விழுங்கும் பெரிய டோஸ் மாத்திரைகளை. டாக்டரே எழுதித் தந்தால் அதற்கொரு காரணம் இருக்கும், அதை நிறுத்த வேண்டாம்.

அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கரண்டு வைக்கது கட்டிய எரிக்கதுக்கு, இந்த மாத்திர அத அணைச்சிரலாம். நாளைக்கு டாக்டர்ட்ட அட்டயக் காட்டிக் கேளுங்க" என்றேன். வாய் கொப்பளிக்க உப்பும் சோடா உப்பும் கலக்கும் விதத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் டாக்டரும், கதிர்வீச்சு முடிகிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.