லாங்லி வேல் காட்டு நடை

ஏப்ரல் 27, ஞாயிறு

இங்கிலாந்தின் எப்ஸம் குதிரைப் பந்தயத் திடலைத் தாண்டிப் போனால் லாங்லி வேல். முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாக, காடு வளர்க்கும் அறக்கட்டளையான வுட்லேண்ட் டிரஸ்ட் 2014இல் ஒரு பண்ணையை வாங்கி உருவாக்கிய காடு. 640 ஏக்கர். புதுக் கன்றுகளுக்கு நடுவே பழங்காட்டுத் துண்டுகளும் அப்படியே இருக்கின்றன. இப்போது அங்கே தரையெல்லாம் நீலம், புளூபெல் என்ற காட்டுப்பூ பூத்திருக்கிறது.

அம்மா கேட்டார், “எம்டன் மெட்ராஸ்ல குண்டு போட்டதே, அந்தச் சண்டையா?” அதே போர்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போன போர். அதற்கப்புறம் அம்மா நினைவுப் பலகைகளைத் தாண்டிப் போகவே இல்லை. ஒவ்வொன்றையும் என் மகளைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

மே 11, ஞாயிறு

இன்று முழுக்க வானம்பாடிதான். புல்லிலிருந்து கிளம்பி, நேர் மேலே ஏறிக்கொண்டே, மூச்சு விடாமல் பாடியது. கண் கூசி நாங்கள் புள்ளியைத் தவறவிட்ட பிறகும் பாட்டு நிற்கவில்லை. சட்டென்று நின்றபோது கல் மாதிரி விழுந்தது.

கூடு தரையில், புல்லுக்குள். குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு வெளியேறிப் புல்லுக்குள் பதுங்கிவிடும். அதனால்தான் ‘நாயைக் கயிற்றில் பிடியுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டு அது புல்லில் பாய்வதை ரசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, போய்ச் சொன்னேன். 1970களிலிருந்து இந்த நாட்டு வயல்களில் வானம்பாடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முன்பு வசந்தத்தில் விதைத்த கோதுமையை இப்போது முந்தைய இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுவதால், கூடு கட்டும் பருவத்தில் பயிர் உயரமாகி நெருங்கிவிடுகிறது. இடம் கிடைத்த கொஞ்ச வயலிலாவது அது நிம்மதியாக முட்டையிடட்டுமே.

மே 31, சனி

ஜட்லண்ட் கடற்போர் தொடங்கிய நாள் என்பதால் இன்றைக்கே வந்தோம். 1916இல் அந்தப் போரில் பிரிட்டனின் 14 கப்பல்கள் மூழ்கின, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வட்டக் கப்பல் ஜன்னல் மரங்களிடையே நிற்கிறது. சின்னவன் ஒவ்வொன்றின் வழியாகவும் எட்டிப் பார்த்தான். ‘இண்டிஃபேட்டிகபிள்’ கப்பலில் ஆயிரத்துக்கு மேல் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் இருவர்தான் என்றதும், “ரெண்டே பேரா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

அதே கடற்போரில் இருந்த சிறுவன் ஜாக் கார்ன்வெல் பற்றியும் சொன்னேன். அவன் கப்பல் மூழ்கவில்லை. கூட இருந்தவர்கள் விழுந்த பிறகும் காயத்தோடு பீரங்கி பக்கத்திலேயே நின்று, பிறகு மருத்துவமனையில் இறந்தான். வயது 16. மகளுக்கு வரும் வருடம் 16. அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் அதற்கு மேல் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பாப்பி! இங்கே சில வயல்களை உழுதுவிட்டு, பயிரிடாமல் விடுகிறார்கள். பாப்பி விதை மண்ணுக்குள் பல வருடங்கள் உறங்கும். மண்ணைப் புரட்டி வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். குண்டுகள் கிளறிய போர்க்களத்தில் அது செக்கச்செவேலென்று பூத்ததும் இதே காரணத்தால்தான். களைக்கொல்லி துரத்திவிட்ட அரிய வயற்களைகளுக்கும் இந்த உழவுதான் வாழ்வு. மகள் குனிந்து ஒரு பூவைப் பார்த்தாள்: இதழ் கசங்கிய பட்டு மாதிரி, அடியில் கறுப்புப் பொட்டு, மகரந்தம் அப்பிய வண்டுத்தேனீ ஒன்று உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. பறிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் பெருமை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். சீக்கிரமே திரும்பிவிட்டோம். வேலியோரம் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு ஒன்று காற்றில் அசையாமல் நின்று எலி தேடியது.

நவம்பர் 9, ஞாயிறு

நினைவு ஞாயிறு, போரில் மாண்டவர்களை இந்த நாடு நினைவுகூரும் நாள். மர வரிசைகளுக்கிடையே சிப்பாய்ச் சிலைகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். 1915 ஜனவரியில் போர் அமைச்சர் கிச்னர் பார்வையிட வருகிறார் என்று, ஆயிரக்கணக்கான புதுச் சிப்பாய்கள் எப்ஸம் மேட்டில் பனி கொட்டக் காத்து நின்றார்கள். அந்த நாளின் நினைவு இது. நினைவிடம் என்றால் குழந்தைகள் அடக்கமாக நிற்க வேண்டும் என்று நானும் வளர்ந்தவள்தான். ஆனால் இங்கே சின்னவன் சிலைகளுக்கு நடுவே ஓடுவதைத் தடுக்கத் தோன்றவில்லை. அந்தச் சிப்பாய்களில் பலரும் பிள்ளைகள்தானே.

திரும்பும் வழியில் ஹாத்தார்ன் முள்மரத்தின் பழங்களை ரெட்விங் பறவைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்தவை. அம்மாவுக்கு அவற்றின் விலாச் சிவப்பு தெரியவில்லை. அடுத்த தடவை பைனாகுலரை மறக்காமல் எடுக்க வேண்டும்.