கேப்ஸ்யூலுக்குத் தயங்குகிறோம், ஹெபாரினைக் கேட்பதில்லை

காரைக்குடி மெடிக்கல் கடைகளில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஹலாலா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் கேள்வி பெரும்பாலும் கேப்ஸ்யூல் கூட்டோடு நின்றுவிடுகிறது. நிஜமாகவே பன்றியிலிருந்து வரும் மருந்துகள், ஹெபாரின் ஊசி மாதிரி, வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் அந்தக் கூடு. அது ஜெலட்டின். நம் நாட்டில் கேப்ஸ்யூலுக்குப் போகும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டெலும்பு. எனவே இங்கே கேள்வி பன்றி இல்லை, அந்த மாடு பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்டதா என்பது. அறுக்கப்படவில்லை என்றே வைத்துக்கொண்டால், மத்ஹப் (சட்டப் பள்ளி) பிரிகிறது. ஹனஃபி மத்ஹபில் செத்த பிராணியின் எலும்பு, கொம்பு, முடி நஜீஸ் (அசுத்தம்) இல்லை. அவற்றில் உயிர் ஓடுவதில்லை என்பது காரணம். பன்றிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஷாஃபிஈயில் செத்ததின் எலும்பும் நஜீஸ்தான். ஹனஃபியான ராவுத்தர் வீட்டுக்குச் சொன்ன பதிலை தொண்டிப் பக்கத்து ஷாஃபிஈ சொந்தக்காரருக்கு அப்படியே சொல்ல முடியாதது இதனால்தான்.

பொருள் முழுக்க மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்பது இஸ்திஹாலா. உப்பளத்தில் விழுந்து உப்பாகவே ஆகிவிட்ட பிராணி, ஹனஃபி நூல்களில் வரும் உதாரணம். ஷாஃபிஈ இதைக் குறுக்கிவிடுகிறது: தானே வினிகராகும் மது, பதனிடப்பட்ட தோல் (நாய், பன்றி நீங்கலாக) போன்ற சிலவற்றோடு சரி. பன்றி ஜெலட்டினிலும் ஒரே குரல் இல்லை. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி அதை உணவில் கூடாது என்றது. 1995-இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு, மாற்றமடைந்த ஜெலட்டின் சுத்தமானது என்றது. வாட்ஸ்அப்பில் இரண்டில் ஒன்று மட்டும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவு விவாதம் இல்லாமலேயே பல கேப்ஸ்யூல்களைத் தவிர்க்கலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி, ஜெலட்டின் உருண்டையாக வருவது போலவே பாலில் கரைக்கும் தூள் பாக்கெட்டாகவும், குடிக்கும் திரவமாகவும் வருகிறது. ஒமெப்ரசோல் கேப்ஸ்யூலுக்குப் பதில் பாண்டோப்ரசோல் மாத்திரை முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கூட்டைப் பிரித்து உள்ளிருப்பதை இடித்தோ மென்றோ விழுங்கும் வழக்கம்தான் ஆபத்து. ஒமெப்ரசோல் குருணைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. இடித்தாலோ மென்றாலோ மருந்து வயிற்று அமிலத்திலேயே அழிந்துபோகும். சத்து கேப்ஸ்யூல் உணவுப் பிரிவில் விற்கப்பட்டால் பச்சைப் புள்ளியோ பழுப்பு முக்கோணமோ இருக்கும்; மருந்து அட்டையில் அதைத் தேடிப் பயனில்லை. பழுப்பு என்றால் பன்றி என்றும் அர்த்தமில்லை.

இனி ஹெபாரின். மாரடைப்பு வார்டு, டயாலிசிஸ், காலில் ரத்தக்கட்டி என்று எங்கும் ரத்தம் உறையாமலிருக்கப் போடப்படும் இந்த ஊசி, பெரும்பாலும் பன்றிக்குடலின் உள்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. இனாக்ஸபாரினும் அதன் பிள்ளைதான். அதே வேலையைச் செய்யும் ஃபோண்டாபாரினக்ஸ் முழுக்கச் செயற்கை; சிலவகை மாரடைப்பில் நாளுக்கு ஒருமுறை 2.5 மி.கி. தோலுக்கடியில் போடுவார்கள். ஆனால் சிறுநீரகம் நன்றாகக் கெட்டவருக்கு அது ஆகாது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது அதை மட்டும் நம்பினால் உள்ளே செலுத்தும் குழாயில் ரத்தம் உறையும் என்பதால் கூடவே ஹெபாரினும் தருவார்கள். டயாலிசிஸை ஹெபாரின் இல்லாமல் உப்புநீரால் கழுவிக் கழுவி ஓட்டலாம். வடிகட்டி அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடும். மாற்று இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை.

கணையம் பழுதானவர்கள் சாப்பிடும் பாங்க்ரியாட்டின் இன்னும் நேரடியானது: பன்றிக் கணையம், அதுவும் வாய்வழியாக. அதற்குச் சமமான மாற்று கிடையாது. நிறுத்தினால் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போய் உடல் உருகும். எடுத்தால் சரியாக எடுக்க வேண்டும்: முதல் கவளத்தோடு, குருணையை மெல்லாமல்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நிர்பந்தச் சட்டம். "நிர்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை" என்ற கருத்து குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 173-ஆம் வசனத்தில் இருக்கிறது. விரும்பியும் வரம்பு மீறியும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஹராமைக் கொண்டு வைத்தியம் செய்யாதீர்கள் என்று அபூதாவூத் தொகுப்பில் வரும் ஹதீஸை (நபிமொழியை), சுத்தமான மருந்து கையில் இருக்கும் நிலைக்கு உரியதாக ஷாஃபிஈ அறிஞர்கள் கொள்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவியின் முடிவும் அதுவே: போதைப்பொருள் நீங்கலாக, வேறு வழியில்லாதபோது நஜீஸால் மருத்துவம் கூடும். பிந்தைய ஹனஃபி ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) இங்கேதான் வந்து சேர்கிறது. வேறு வழியில்லை என்று சொல்பவர் நீதமான முஸ்லிம் வைத்தியர் என்று பழைய நூல்கள் கேட்கின்றன. நம்பகமான நிபுணர் போதும் என்று இன்று பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், கேட்கும் நேரம் தேதி வாங்கும்போது. இதய வால்வில் பன்றி வால்வு, மாட்டு இதய உறை வால்வு, உலோக வால்வு மூன்றும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் உருவாகி 1990-இல் முதலில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு உலோக ரகம். அதற்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும், அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஏற்கெனவே பன்றி வால்வு வைத்துக்கொண்டவர் தொழுகை கூடுமா என்று கலங்க வேண்டாம். சுத்தமானது கிடைக்காமல் நஜீஸான எலும்பை ஒட்டவைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்று நவவியின் சட்டநூலான மின்ஹாஜ் ஏழு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டது. கிடைத்திருந்தும் வைத்தவர்கூட, எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் எடுக்கத் தேவையில்லை.

பாம்புக்கடி ஊசி குதிரை ரத்தத்திலிருந்து வருகிறது. 10 மி.லி. குப்பிகள், ஆரம்பமே 8 முதல் 10 குப்பி. அதற்கு மாற்றும் இல்லை, விளக்கம் கேட்டு ஹஜ்ரத்துக்குப் போன் போட நேரமும் இல்லை.

நாட்டு மருந்துக் கடையைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை, அங்கேதான் கேட்டாக வேண்டும். பச்சைப்பிள்ளைக்கு உரசிக் கொடுக்கும் கோரோசனை, மாட்டின் பித்தப்பைக் கல். பித்தநீர் நஜீஸ் என்பதால் அது இறுகிய கல்லும் நஜீஸ் என்பது ஷாஃபிஈ நூல்களில் உள்ள கருத்து. இங்கே நிர்பந்தமும் கிடையாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்றுதான் மருத்துவமே சொல்கிறது. தெருவில் சங்கில் ஊற்றித் தரும் கழுதைப்பாலும் அதே கணக்கு: வீட்டுக் கழுதையின் இறைச்சியை நபி கைபர் போரின்போது தடுத்துவிட்டார், பாலும் இறைச்சியைத் தொடர்கிறது. சளிக்கு வேறு மருந்து இருக்கிறது.