இஜே257 போச்சு: கட்டுவதா, மாற்றுவதா?

என்ஜின் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" நானும் அதைத்தான் கேட்டேன். சிங்கப்பூரில் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, சிஓஇ-யில் (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) எத்தனை மாதம் மிச்சம்? இரண்டாவது, என்ஜினின் உடலான பிளாக்கில் வெட்டியிருக்கும் எண் யாருடையது? இந்த இரண்டையும் பிற்பாடு கேட்டதால்தான் நான்கு மாதம் ஓடிப்போனது.

வண்டி சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, என்ஜின் 2.5 லிட்டர் டர்போ, அதன் பெயர்தான் இஜே257. சிஓஇ 5 ஆண்டுக்குப் புதுப்பித்தது, 38 மாதம் மிச்சம். 5 ஆண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது, பார்ஃப் கழிவும் (பதிவுநீக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பது) கிடையாது. வண்டி பட்டறையில் கிடந்தாலும் சிஓஇ ஓடிக்கொண்டேதான் இருக்கும்: கட்டிய தொகையில் மாதம் அறுபதில் ஒரு பங்கு. நான்கு மாதம் என்றால் ஏறக்குறைய 7 விழுக்காடு. சாலை வரியும் காப்புறுதியும் தனி. பட்டறை கொடுத்த விலைப்பட்டியலில் இதெல்லாம் இருக்காது, நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிச்சம் 20 மாதத்துக்குள் என்றால் நான் பழைய என்ஜினைக் கட்டவும் மாட்டேன், வேறு என்ஜின் மாற்றவும் மாட்டேன். வண்டியைப் பதிவுநீக்கம் செய்து சிஓஇ கழிவை வாங்கிக்கொள்வேன். முதல் பத்தாண்டுக்குள் இருக்கும் வண்டிக்குப் பார்ஃபும் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இல்லை. சூடான என்ஜினில் 2500 ஆர்பிஎம் அருகே, ஆக்ஸிலரேட்டரை லேசாக விடும்போது "டொக் டொக்". ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ, அந்த ராடு பேரிங்தான் (பிஸ்டன் தண்டு கிராங்க் என்ற சுழல் அச்சோடு சேரும் இடத்தில் உள்ள உலோக ஓடு). இக்னிஷன் காயிலைப் பிடுங்காதீர்கள், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். ஒரு சிலிண்டருக்குப் பத்து வினாடி போதும். பிறகு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அதற்கென்று இருக்கும் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்சா ரம்பம் என்றால் அதன் இரும்புத்தூளையே பார்த்துப் பயந்துகொண்டிருப்பீர்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு என்றால் அது பேரிங் தூள். எனக்கு அதுதான், நான்காவது சிலிண்டர்.

இந்த என்ஜினில் இன்னொரு பெயர்பெற்ற நோய், பிஸ்டனின் ரிங்லேண்ட் (ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள விளிம்பு) உடைவது. ஆயில் குடிக்கும், ஆயில் ஆவியைப் பிடிக்கும் கேட்ச் கேன் சீக்கிரம் நிறையும். சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் சில நேரம் நல்ல அளவையே காட்டும், ஏனென்றால் மேலே ஏறிய ஆயிலே இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்தான் உண்மையைச் சொல்லும்.

இனி வீணாய்ப்போன பயணம். "ஜொகூர் பாருவில் ஹாஃப் கட் கிடக்கிறது, எஸ்டிஐ என்ஜின், கியர்பாக்ஸோடு" என்று செய்தி வந்தது. ஹாஃப் கட் என்றால் பழைய வண்டியிலிருந்து வெட்டியெடுத்த முன்பாதி. முக்கால் டேங்க் பெட்ரோல், விஇபி (மலேசியாவுக்குள் வண்டி நுழைய அனுமதி), பாலத்தில் மூன்று மணி நேரம் எல்லாம் முடித்துப் போய் நின்றால், கிடந்தது இஜே207. இரண்டு லிட்டர்.

"எஸ்டிஐ-தானே அண்ணே கேட்டீங்க? இதுவும் எஸ்டிஐ-தான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தையில் கியர் போட்டு ஓட்டும் எஸ்டிஐ-க்கு 2 லிட்டர் இஜே207தான், 2.5 லிட்டர் ஆட்டோ கியர் ‘ஏ-லைன்’ வண்டியில் வந்தது. ஹாஃப் கட் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருவதால் இஜே257 கிடைப்பது அரிது. இரண்டுக்கும் டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் வேறு. அதைவிட முக்கியம், என்ஜின் வகையும் கொள்ளளவும் மாறுகிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்காமல் அதைத் தொடக்கூடாது. பொருத்திவிட்டுப் பிறகு கேட்கலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால், பரிசோதனை நிலையத்தில் குனிந்து என்ஜின் எண்ணைப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே வகை என்ஜினே கிடைத்தாலும் பிளாக் மாறினால் எண் மாறும், பதிவிலும் மாறவேண்டும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மூன்றைக் கையில் வாங்குங்கள்: என்ஜின் எண் தெளிவாகத் தெரியும் புகைப்படம் (கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு அருகே, பிளாக்கின் மேல்புறம்), அதே எண்ணை எழுதிய ரசீது, இறக்குமதி ஆவணம். "யூஸ்டு என்ஜின் ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது. 9 விழுக்காடு ஜிஎஸ்டி விலைக்குள் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஹாஃப் கட்டில் ஒரே நன்மை, கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டரும் மாட்டியபடியே இருக்கும். ஒரு பேட்டரி கொண்டுபோனால் அங்கேயே சுழற்றிக் கம்ப்ரஷன் பார்க்கலாம். ஆயிலை வடிக்கும் சம்ப் பிளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

புது ஷார்ட் பிளாக் மூன்றாவது வழி. கிராங்க், ராடு, பிஸ்டன் எல்லாம் கம்பெனி பொருத்தியே வரும், வேகமான வேலை. ஆனால் உள்ளே இருப்பது அதே வார்ப்புப் பிஸ்டன், அதே ரிங்லேண்ட். எண் வெட்டப்பட்டு வருகிறதா, வெற்றாக வருகிறதா என்பதை ஆர்டர் போடுமுன் கேளுங்கள். வெற்றாக வந்தால் காகித வேலையை முதலில் பேசி முடிக்கவேண்டும்.

கடைசியில் என் பிளாக்கிலேயே கட்ட முடிவு செய்தேன். எண் மாறாது, எவரிடமும் போய் நிற்கவேண்டாம். பிளாக் பிழைக்குமா என்று தெரிந்தபின் எடுத்த முடிவு இது. பார்க்க வேண்டியது: கிராங்க் சுழலும் மெயின் பேரிங் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, ராடு பிளாக்கை அடித்திருக்கிறதா, சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. இஜே257-இன் துளை 99.5 மி.மீ. இரும்பு லைனர் மெல்லியது, 100 மி.மீ.-க்கு மேல் போகாதீர்கள். பிளாக் இரண்டு பாதிகளாக இருக்கும், இரண்டும் ஜோடி. ஒன்று போனால் இரண்டும் போச்சு. கிராங்கை அரைத்துச் சின்னதாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நைட்ரைடு முறையில் மேற்பரப்பைக் கடினப்படுத்திய கிராங்க், அரைத்தால் அந்தத் தோல் போய்விடும். புதிது வாங்கினேன்.

எரிச்சல் இங்கேதான். லேத் பட்டறையிலிருந்து பிளாக் திரும்பி வந்தது, அளவுத் தாள் வரவில்லை. கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் ஒரு தாளை எடுத்து, நான்கு சிலிண்டருக்கும் எதிரே சரி அடையாளம் போட்டு நீட்டினார். எண் எங்கே என்றால், "எல்லாம் ஓகே பிரதர்." வீட்டுப்பாடம் திருத்துவதுபோல! பிளாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் அளந்தோம். சிலிண்டர்கள் இறுக்கம்.

காரணம் எளிது. பிஸ்டனை ஏர்கான் அறையில் 23 டிகிரியில் அளந்திருக்கிறார்கள், பிளாக்கை வெளியே 33 டிகிரியில் ஹோன் செய்திருக்கிறார்கள் (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது). பத்து டிகிரிக்கு 99.5 மி.மீ. இரும்பு 0.011 மி.மீ. விரியும், அலுமினியம் 0.023. இரும்பு லைனரை அலுமினிய பிளாக் சூழ்ந்திருப்பதால் உண்மை இரண்டுக்கும் நடுவில். நான் போட்ட ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நாம் கேட்ட இடைவெளியே 0.08 மி.மீ.தான், அதில் 0.02 வரை காணாமல் போனால் கால்பங்கு போச்சு. குளிர்நாட்டுக் காணொளிகளில் இதை யாரும் சொல்வதில்லை. பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஹோன் செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் கனத்த தகடு) போட்டார்களா என்பதையும் கேளுங்கள். ஹெட் போல்ட் இறுக்கத்தில் சிலிண்டர் கோணும், அந்தக் கோணலோடுதான் ஹோன் செய்யவேண்டும். இரண்டாம் முறை ஹோன் செய்ததற்குக் காசு கொடுக்கவில்லை. அந்த ஒரு சண்டையில் ஜெயித்தேன்.

மற்ற அளவுகள்: ராடு பேரிங் இடைவெளி 0.05 மி.மீ., முதல் ரிங் இடைவெளி 0.45 மி.மீ. டர்போ என்ஜினுக்கு ரிங் இடைவெளியைக் குறைத்து வைக்கும் ஆசை வேண்டாம். சூட்டில் இரு முனையும் முட்டினால் ரிங்லேண்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கட்டினாலும் மாற்றினாலும் தப்பிக்க முடியாத செலவு ஒன்று உண்டு. பேரிங் தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். ஃபில்டருக்கு மேலே இருக்கும் ஆயில் கூலரைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, தூக்கி எறியுங்கள். ஆயில் பம்ப், ஆயிலை உறிஞ்சும் பிக்அப் குழாய் (பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும், உறுதியானது வாங்குங்கள்), கேம்ஷாஃப்ட் நேரத்தை மாற்றும் ஏவிசிஎஸ் வால்வுகள், ஆயில் போகத் துளையிட்ட பேஞ்சோ போல்ட்டுக்குள் இருக்கும் சல்லடை எல்லாம் புதிது. டர்போவைப் பிரித்துப் பாருங்கள். ஹெட்டில் கேம்ஷாஃப்ட் நேரடியாக அலுமினியத்தில்தான் சுழல்கிறது, அங்கே கீறல் இருந்தால் ஹெட்டும் கணக்கில் வரும். "புது என்ஜின் போட்டேன், 2000 கிலோமீட்டரில் போச்சு" என்று கேள்விப்படும்போது பழைய ஆயில் கூலரை மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு முதல் விலைப்பட்டியல் ஒன்றரை மடங்கானது இந்தப் பத்தியால்தான்.

பொருத்தியது இரண்டு நாள். இன்ஜெக்டரைத் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுழற்றிய பிறகே முதல் தீ. சூடான ஐட்லிங்கில் 98 கிலோபாஸ்கலுக்கு மேல், 5000-இல் 294-க்கு மேல் இருக்கவேண்டும். டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள், அது எரியும்போது எல்லாம் முடிந்திருக்கும்; தனி மீட்டர் மாட்டுங்கள். ரிங் உட்கார, 3ஆவது 4ஆவது கியரில் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு இறக்கவேண்டும். பகலில் பிஐஇ விரைவுச்சாலையில் அது நடக்காது. நள்ளிரவுக்குப் பிறகு துவாஸ் பக்கம் போனேன், வேக வரம்புக்குள்தான்.

80 கிலோமீட்டரில் ஃபில்டரை வெட்டினேன்: கொஞ்சம் சாம்பல், அசெம்பிளி கிரீஸ். 500-இல் சுத்தம். 1600-இல் மினரல் ஆயிலை விட்டு 5டபிள்யூ-40 சிந்தெடிக், அதற்குப் பிறகே டியூனிங். அதுவரை பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றவில்லை, பெட்ரோல் 98 மட்டும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பார்க்கிறேன். பேரிங் போனதே ஆயில் ஒன்றேகால் லிட்டர் குறைந்திருந்ததால்தான்.